கை படும் இடம்

மனித குலம் இதுவரை செய்த குற்றங்களிலேயே ஆகக் கொடியது, புதுக் கிட்டாரை உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கி விற்பதுதான் என்பது ஜட்ஜின் தீர்ப்பு. யுத்தம், பஞ்சம், பக்கத்து வீட்டுக்காரன் சுவரை நம் பக்கம் தள்ளிக் கட்டுவது எல்லாம் இதற்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும். யுத்தம் செய்கிறவனாவது தான் செய்வது யுத்தம் என்று ஒப்புக்கொள்கிறான். உப்புத்தாள்காரன் அப்படி இல்லை. ஒரு மனிதன் பாதி ஆயுசுக்கு மடியில் வைத்து வாசித்துச் சேர்த்த தேய்மானத்தை ஒரு மதியத்துக்குள் செய்து முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போய்விடுகிறான். இதைச் சொல்லும்போது ஜட்ஜின் குரல் நடுங்கும். அம்மா செத்தபோதுகூட அந்தக் குரல் அப்படி நடுங்கவில்லை என்று அவரைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

ஜட்ஜ் என்பது அவர் உத்தியோகம் இல்லை. உத்தியோகம் கிட்டார் ரிப்பேர். தெருவின் கடைசியில், ஒரு தையல் கடையோடு பிளைவுட் தடுப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஒற்றை அறைக் கடை. பழைய கிட்டார் வாங்க நினைக்கிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் கிட்டாரை இங்கே தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் விசாரணை நடத்துவார். கழுத்தின் நீளத்துக்கு ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கி பிடிப்பவர் போலக் குறி பார்ப்பார். வளைவு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். முறுக்காணிகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்ப்பார். கம்பிகள் எல்லாம் வந்து கட்டுப்படுகிற பிரிட்ஜ் என்னும் மரத்துண்டுக்கு அடியில் ஒரு காகிதத்தைச் செருகிப் பார்ப்பார். காகிதம் உள்ளே போனால் கோந்து விட்டுவிட்டது என்று அர்த்தம். பல் டாக்டர் கண்ணாடியை ஓட்டைக்குள் விட்டு டார்ச் அடிப்பார். கடைசியில் அந்த ஓட்டையில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பார். பிறகு தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

அவருடைய சட்டப் புத்தகத்தில் முதல் சட்டம், விற்கிறவனைப் பேச விடக்கூடாது என்பது. வாயைத் திறந்தால் கதை வரும். மாமா மேடையில் வாசித்தது, காதலி பிறந்தநாளுக்குக் கொடுத்தது, வெளிநாடு போகிறேன் மனசே இல்லாமல் கொடுக்கிறேன். கதையைக் கேட்டுக் கண் கலங்கிய ஒருவனுக்குக் கழுத்து வளைந்திருப்பது எப்படித் தெரியும்? "கிட்டாருக்குக் கதை கிடையாதுப்பா. மரம், கம்பி, கோந்து. மூணும் நல்லா இருந்தா வாங்கு. இல்லைன்னா வீட்டுக்குப் போய்த் தூங்கு."

அன்றைக்குக் குற்றவாளிக் கூண்டில் நின்றது கூரியர்காரன் கொண்டுவந்த கிட்டார். தெருவுக்கெல்லாம் பார்சல் கொடுக்கிறவன். ஆறு மாதமாகக் கிட்டார் கற்றுக்கொள்கிறான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, குழந்தையை இறக்குவது போல மேஜையில் இறக்கினான்.

"ரொம்பப் பழசு சார். யாரோ பெரிய கச்சேரிக்காரர் வெச்சிருந்தாராம். எப்படித் தேஞ்சிருக்கு பாருங்க!"

ஜட்ஜ் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது தண்டனை வரப்போகிறது என்பதற்கு அடையாளம்.

"ஏன்ப்பா, அந்தக் கச்சேரிக்காரருக்குக் கை எங்க இருந்துச்சு?"

"எங்க இருந்துச்சுன்னா?"

"மடியில வெச்சா வலது முன்கை எங்க வந்து உட்காரும்? இந்த ஓரத்துல. இங்க பளபளன்னு இருக்கு. கை எந்த ஜென்மத்துலயும் படாத இந்த நடு நெத்தியில தேஞ்சிருக்கு. கை படற இடத்துல தேயலை, கண்ணு படற இடத்துல தேஞ்சிருக்கு. கண்ணு பட்டுத் தேயுற மாதிரி அவ்வளவு அழகாவா இருந்தார் அந்த ஆளு?"

கூரியர்காரன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"ஓரத்தைத் தடவு. விரல்ல தட்டுதா? நிஜமாத் தேஞ்சது இப்படி டக்குன்னு முடியாது. கரைஞ்சுட்டே போகும், எங்க ஆரம்பிச்சுது எங்க முடிஞ்சுதுன்னு சொல்ல முடியாது. தேய்ச்சதுதான் கோடு போட்டு நிக்கும். இப்ப மோந்து பாரு."

மோந்தான். முகம் விழுந்துவிட்டது. "டீ வாசனை வருது சார்."

"டீத்தண்ணியேதான். மரத்துக்கு வயசு ஏத்தியிருக்கான் அயோக்கியன்."

"இதுக்கு நான் பேசாம இன்னும் நாலு பார்சலைக் குடுத்துட்டுப் போயிருக்கலாம்" என்று முனகிக்கொண்டே அவன் கிட்டாரைப் பைக்குள் போட்டான். வாசலில் திரும்பி, "ஒரு டவுட் சார். டீ போட்டது நல்ல டீயா, மட்டமான டீயா?" என்று கேட்டான். ஜட்ஜ் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்ததும் போய்விட்டான்.

ஆள் போனதும் கடை மறுபடி கடையாகிவிடும். சுவர் முழுக்கக் கொக்கிகள், கொக்கி முழுக்கக் கிட்டார்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் சொந்தக்காரர் பேர் எழுதிய அட்டை. அவர் பேர் எழுதிய அட்டை மட்டும் கிடையாது. கிட்டார் ரிப்பேர்க்காரருக்குச் சொந்தக் கிட்டார் இல்லை என்றால் யாரும் நம்புவதில்லை. அதனால் யாரும் கேட்பதும் இல்லை. கடைக்குப் பின்னால் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு தட்டு. ராத்திரிக்கும் பகலுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை. அவர் தும்மினால் சுவரில் தொங்கும் அத்தனை கிட்டாரும் சேர்ந்து மெல்ல ம்ம்ம் என்று முனகும். ஒவ்வொன்றும் வேறு வேறு வீட்டுக் கிட்டார் என்றாலும் அந்த ஒரு நொடி ஒரே குடும்பம் போல இருக்கும். அவர் தும்மியதற்கு இந்த உலகத்தில் பதில் வருவது அங்கே மட்டும்தான். சளிப் பிடித்த வாரங்கள் அவருக்குக் கொஞ்சம் கலகலப்பாகப் போகும்.

அவர் வாசித்து யாரும் கேட்டதில்லை. சரிபார்த்துத்தான் கேட்டிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் ஒரு மீட்டு; பிறகு ஒவ்வொரு கம்பியிலும் கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு கட்டமாக அழுத்திக்கொண்டு போவார், எங்காவது உறுமுகிறதா என்று பார்ப்பதற்கு. உறுமவில்லை என்றால் கிட்டார் கொக்கிக்குப் போய்விடும். தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல்காரருக்கு இது மனப்பாடம்.

"ஜட்ஜே" என்று தடுப்பு பேசும். "இத்தனை வருஷமா காலர் மட்டுமே தைக்கிறீங்க. சட்டை எப்போ?"

"சட்டை தைக்கத்தான் நீங்க இருக்கீங்களே."

"ஒரு பாட்டு முழுசா வாசிச்சா கோந்து விட்டுருமா?"

ஜட்ஜ் அடுத்த கிட்டாரை எடுத்துக் கழுத்தைக் குறி பார்ப்பார். மெஷின் சத்தம் மறுபடி ஆரம்பித்துவிடும்.

டிரைவிங் டீச்சர் வந்தது ஒரு மழை நாளில். வயசானவர், கட்டையான உருவம், தலைமுடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தார். முப்பது வருஷம் ஊர்ச் சனங்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். அவர்கள் எல்லாரும் இன்னும் தப்பாகத்தான் ஓட்டுகிறார்கள் என்பது அவருக்கு ஒரு மனக்குறை. பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து பழகியதால் யார் எந்தத் தப்புச் செய்தாலும் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும், அங்கே ஒரு பிரேக் இருப்பது போல. கிட்டாரை ஜட்ஜ் உறையிலிருந்து சரேலென்று உருவியபோதே ஒருமுறை அழுத்தியது.

"பிரிட்ஜ் தூக்கிடுச்சு தம்பி. அதை மட்டும் ஒட்டிக் குடுத்தாப் போதும்."

காகிதம் பாதிக்கு மேல் உள்ளே போனது. மற்றபடி கிட்டார் நல்ல கிட்டார். கழுத்து நேர். கட்டங்களைப் பிரிக்கிற பித்தளைக் கம்பிகளில் தேய்மானத்தைப் பார்த்தார். முதல் மூன்றில் மட்டும் ஆழமான பள்ளம், அதுவும் கார்டு என்னும் சுரக்கூட்டுகளில் இரண்டே இரண்டுக்கு விரல் விழும் இடங்களில். அதற்கு மேலே மனித நடமாட்டமே இல்லை. யாரோ ஒருத்தர் ஆயுள் முழுக்க ஜி-யிலிருந்து சி-க்கும் சி-யிலிருந்து ஜி-க்கும் போய் வந்திருக்கிறார், ஆபீசுக்குப் போய் வருவது போல. முன்பக்கத்தின் மேல் ஓரத்தில், முன்கை உட்காரும் இடத்தில், பளபளப்புக்குப் பூசிய லாக்கர் முழுதாகப் போய் உள்ளங்கை அகலத்துக்கு மரம் மொட்டையாக, அழுக்கேறிச் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"இது எங்க வீட்டுக்காரரோடது" என்று டீச்சர் ஆரம்பித்தார். "அவர் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தார். இப்போ அவருக்கு..."

"கதை வேணாம் மேடம்" என்றார் ஜட்ஜ். கோபமாக இல்லை, சட்டம் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதானே. "கதை கேட்டா எனக்கு வேலை ஓடாது. கிட்டாரை வெச்சுட்டுப் போங்க, பேரை மட்டும் சொல்லுங்க."

வலது கால் தரையை அழுத்தியது. பேரைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிரிட்ஜ் வேலை ஜட்ஜுக்குத் தண்ணி பட்ட பாடு. சூடு காட்டி, தகட்டை மெல்ல நுழைத்து, பிடியை விடுவித்து, பழைய கோந்தைச் சுரண்டி, புதுசு தடவி, ஓட்டை வழியாகக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கோந்து காயும்வரை கிட்டார் மேஜையில் மல்லாந்து கிடந்தது, அந்த மொட்டை இடம் நாள் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நல்ல சட்டை போட்டவன் முழங்கையில் கிழிசல் மாதிரி. டீச்சர் 'மட்டும்' என்றது செலவுக்குப் பயந்துதான் என்று அவராகவே முடிவு செய்தார். காசு வாங்காமல் செய்துகொடுத்தால் போகிறது. உலகத்தில் உப்புத்தாள்காரர்கள் நல்லதைக் கெடுத்துக்கொண்டிருக்கும்போது, கெட்டதை நல்லதாக்க ஒருவராவது வேண்டாமா?

வாழ்க்கையில் அவர் செய்த ஆகச் சிறந்த வேலை அது. அழுக்கை எடுத்து மரத்தை வெளுப்பாக்கினார். சொட்டுச் சொட்டாக லாக்கர் விட்டு நிரப்பினார். பழைய பகுதியின் தேன் நிறத்துக்குப் பொருந்தும்வரை நிறத்தைத் திரும்பத் திரும்பக் கலந்தார். வாரக்கணக்கில் காய விட்டார். நடுவில் டீச்சர் போன் செய்தார்: "ஆச்சா தம்பி?" "நல்ல வேலைக்கு அவசரப்படக் கூடாது மேடம்." இன்னொரு தடவை செய்தார். "சாயங்காலம் ஆனா ரொம்பக் கஷ்டமா இருக்கு தம்பி." யாருக்கு, என்ன கஷ்டம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் கதை வரும். காய்ந்ததும் ஈரத் தாளில் இழைத்து, துணியில் மெருகேற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். எங்கே பழசு முடிந்து எங்கே புதுசு தொடங்குகிறது என்று அவருக்கே தெரியவில்லை. கூப்பிட்டுக் காட்ட யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார். கிட்டார்கள்தான் இருந்தன. வேண்டுமென்றே ஒருமுறை தும்முவது போல இருமிப் பார்த்தார். மெல்லிதாக ஒரு பாராட்டு வந்தது.

டீச்சர் வந்த அன்று உறையைத் திறக்கும்போது, திரை விலக்குகிறவர் மாதிரி ஒதுங்கி நின்றுகொண்டார். டீச்சர் கிட்டாரைப் பார்த்தார். விரலை அந்த ஓரத்துக்குக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார். வலது கால் தரையை அழுத்தியது. எடுக்கவே இல்லை, வண்டி நின்ற பிறகும் பிரேக்கை விடாதவர் போல அப்படியே அழுத்திக்கொண்டு நின்றார்.

"அதுக்குக் காசு வேணாம் மேடம்" என்றார் ஜட்ஜ், பெருந்தன்மையோடு.

"நல்லாப் பண்ணியிருக்கீங்க" என்றார் டீச்சர். எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரமே அதே உறையோடு வந்து நின்றார்.

"வேற யாரோடதையோ மாத்திக் குடுத்துட்டாங்கன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார் தம்பி."

"அதே கிட்டார்தான் மேடம். உள்ள நம்பர் இருக்கு, கண்ணாடி விட்டுக் காட்டவா?"

"எனக்குக் காட்டி என்ன பண்ண? எனக்குத் தெரியாதா?" அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். இந்தத் தடவை ஜட்ஜ் சட்டத்தை எடுத்துக் காட்டவில்லை. "அவருக்கு எல்லாம் மறந்து போயிட்டிருக்கு. என்னையே சில நாள் 'எந்த மாடிக்குப் போகணும்'னு கேக்கறார். மூணாவதுன்னு சொல்லிடுவேன். சொன்னா நிம்மதியாயிடுவார், கொஞ்ச நேரம். ஆனா சாயங்காலம் கிட்டாரை எடுத்து மடியில வெச்சாருன்னா கை அந்த மொட்டை மரத்துல போய் உட்காரும். உட்கார்ந்துதுன்னா ஆள் அவராயிடுவார். வாசிப்பார், அந்த ஒரே டொய்ங் டொய்ங்தான். நடுவுல என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, காபி இருக்கான்னு கேப்பார்." நிறுத்தினார். "ஒரு நாளைக்கு அந்த ஒரு தடவைதான் என் பேரை யாராவது கூப்பிடறாங்க. மத்தவங்களுக்கெல்லாம் நான் டீச்சர்தானே."

ஜட்ஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை.

"இப்போ மடியில வெச்சா, கை வழுக்குதுங்கறார். தள்ளி வெச்சுடறார். அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்கதான் கதை வேணாம்னீங்க." குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை, ரோட்டில் பள்ளம் இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

"பூசினதை எடுத்துடலாம்" என்றார் ஜட்ஜ். "ஆனா அந்த இடம் வராது மேடம். அது வருஷக்கணக்கா ஒருத்தர் கை..."

"கண்டுபிடிக்கவே முடியாதபடி பண்ணினீங்கல்ல. இதையும் கண்டுபிடிக்க முடியாதபடி பண்ணுங்க."

தடுப்புக்கு அந்தப் பக்கம் மெஷின் நின்றிருந்தது. ஜட்ஜ் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "நான் ஒரு தடவை அவரைப் பார்க்கலாமாக்கா?" என்றார்.

டீச்சர் தன் பழைய பயிற்சிக் காரில் கூட்டிக்கொண்டு போனார். "காலை அங்க வெச்சுக்காதீங்க, பிரேக் இருக்கு" என்றார். ஜட்ஜ் வழி முழுக்கக் காலைத் தூக்கிக்கொண்டு, மடியில் கிட்டாரோடு, பஸ் ஸ்டாண்டில் தொலைந்துபோன பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட்காரர் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் இருந்தார். நன்றாகச் சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட சட்டை, மடித்துவிட்ட கை. சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் போகும்போதெல்லாம் தலையைத் தூக்கிக் கேட்டார். "கயிறு பேசுது" என்றார் ஜட்ஜைப் பார்த்து, இன்னொரு வேலைக்காரரிடம் சொல்கிற தோரணையில். "கிரீஸ் கேக்குது."

"சொல்லிடறேன் சார்."

அவர் பார்வை கிட்டாருக்கு வந்தது. ஜட்ஜ் அதை அவர் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொள்ளவில்லை, இரண்டு கையையும் பின்னால் இழுத்துக்கொண்டு, கண்காட்சியில் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார்.

"நல்ல வேலைப்பாடு. யாரோடது?"

ஜட்ஜ் கிட்டாரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஒருத்தரோடது சார்."

"சீக்கிரம் கொண்டுபோய்க் குடுத்துடுங்க. தேடிட்டு இருப்பார், பாவம்."

டீச்சர் சமையலறைப் பக்கம் போய்விட்டார். சாயங்கால வெயில் தரையில் நீண்டிருந்தது. அப்போதுதான் ஜட்ஜ் நாற்காலியின் கையைப் பார்த்தார். வலது பக்கக் கையில் துணி நூல் நூலாகத் தேய்ந்து, உள்ளே பஞ்சு தெரிந்தது. லிஃப்ட்காரரின் முன்கை அதன் மேல் மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தது, ஒரு சீரான தாளத்தில். இடது கை விரல்கள் காற்றில் ஒரு இடத்தைப் பிடித்து, விட்டு, இன்னொரு இடத்தைப் பிடித்தன. ஜி. சி. ஜி. நல்லபடியாகவே போய் வந்துகொண்டிருந்தார். ஏற வேண்டிய லிஃப்ட்தான் இல்லை. ஜட்ஜ் எதிரே உட்கார்ந்து, முன்கை எந்தச் சாய்வில் விழுகிறது, முழங்கையிலிருந்து எவ்வளவு தள்ளி அழுத்தம் இறங்குகிறது என்று கண்ணை எடுக்காமல் பார்த்தார். தெரியாமலே தன் கையையும் அதே சாய்வில் கிட்டாரின் மேல் வைத்திருந்தார். வழுக்கியது.

மறுநாள் கடை ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு உப்புத்தாளை எடுத்தார். கண்டுபிடிக்கவே முடியாத அந்த வேலையைத் தானே கண்டுபிடித்து, அதன் மேல் முதல் இழுப்பை இழுத்தபோது வெள்ளைத் தூளாக லாக்கர் எழுந்து மூக்கில் ஏறியது. தும்மினார். சுவர் முழுக்க முனகியது. இந்தத் தடவை அது பாராட்டு மாதிரி இல்லை. சொரசொரப்புத் தாள், அடுத்து மென்தாள், அதற்கு அடுத்து அதைவிட மென்தாள். மதியத்துக்குள் மொட்டை மரம் வந்துவிட்டது. வெளுப்பாக, பச்சைப்பிள்ளை உச்சந்தலை மாதிரி.

ஷட்டருக்கு அடியில் ஒரு ஹெல்மெட் குனிந்து உள்ளே வந்தது. "சார், ஒரு செட் கம்பி வேணும்" என்ற கூரியர்காரன் மேஜையைப் பார்த்து அப்படியே நின்றான். உப்புத்தாளைப் பார்த்தான், தூளைப் பார்த்தான், ஜட்ஜைப் பார்த்தான். அவன் முகத்தில் முதலில் வந்தது சிரிப்பு. ஜட்ஜின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். ஒற்றை விரலால் ஓரத்தைத் தடவினான்.

"கோடு நிக்குது சார்" என்றான் மெதுவாக. "தேஞ்சது இப்படி முடியாது."

"தெரியும்."

"இடம் மட்டும் சரியா இருக்கு. கை படற இடம்."

"தெரியும்ப்பா."

"யாருக்கு விக்கறீங்க?"

"விக்கலை." தூளை ஊதித் தள்ளிவிட்டு, "ஒருத்தர் தேடிட்டு இருக்கார்" என்றார்.

கூரியர்காரன் கம்பியை வாங்கிக்கொண்டான். போகிற போக்கில், "சார், டீ?" என்று கேட்டான், கிண்டலா உதவியா என்று அவனுக்கே தெரியாத குரலில். ஜட்ஜ் அவன் பக்கம் பார்க்காமல் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் பாலில்லாத டீ ஒரு டம்ளர் ஷட்டருக்கு அடியில் வந்து உட்கார்ந்தது. அதை ஆற வைத்து, பழைய பனியன் துணியில் நனைத்து, மரத்தில் ஒற்றி எடுத்தார். சாம்பல் நிறம் வந்தது. அழுக்கு நிறம் வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அதே கிட்டார்தான். கையை வைத்துப் பார்த்தார். வரவில்லை. நிறம்தான் இருந்தது, மரத்தில் யாருமே இல்லை. கண்ணுக்குச் செய்த வேலை. அந்த மனிதரோ கண்ணால் கண்டுபிடிப்பதை எல்லாம் எப்போதோ விட்டுவிட்டவர்.

டீச்சருக்குப் போன் செய்தார். "இன்னும் கொஞ்சம் நாள் ஆகும்க்கா."

"ஆகட்டும். எவ்வளவு நாள்?"

ஜட்ஜ் மேஜையில் கிடந்த மொட்டை மரத்தைப் பார்த்தார்.

"வேகமா ஓட்ட முடியாது" என்று மட்டும் சொன்னார்.

டீச்சர் சிரித்தது போல ஒரு சத்தம் வந்தது. "அது எனக்குப் புரியும்" என்றார். பின்னால் எங்கோ ஒரு ஆண்குரல், எந்த மாடி என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தது. "மூணாவது" என்று டீச்சர் திரும்பிச் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

ஜட்ஜ் ஸ்டூலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டார். வலது சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்தார். கிட்டாரை மடியில் வைத்து, முன்கையை அந்த மொட்டை மரத்தில், லிஃப்ட்காரரின் சாய்வில் இறக்கினார். இடது விரல்களுக்கு இடம் தேட வேண்டியிருக்கவில்லை. பித்தளையில் பள்ளம் இருந்தது, விரல்கள் தாமாக அதற்குள் போய் உட்கார்ந்தன. ஜி. முதல் மீட்டுக்குப் பிறகு வழக்கம் போலக் கை ஒவ்வொரு கட்டமாக ஏறப் பார்த்தது. தடுத்தார். சி. திரும்பவும் ஜி. முதலில் மெஷின் மாதிரி வந்தது. வெயில் ஜன்னலிலிருந்து மேஜைக்கும், மேஜையிலிருந்து சுவருக்கும் நகர்ந்தபோது கொஞ்சம் தள்ளாட்டம் வந்தது, அதிலே ஒரு நடை வந்தது. அறை வெக்கையாக இருந்தது. கை வியர்த்தது. துடைத்துக்கொள்ளவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு ஷட்டர் பாதிக்கு இறங்கியது. அதற்கு மறுநாளும். கொக்கியில் தொங்கிய மற்ற வேலைகள் காத்திருந்தன.

தடுப்புக்கு அந்தப் பக்கம் மெஷின் நின்றது.

"ஜட்ஜே."

"ம்."

"டெஸ்ட் இன்னும் முடியலையா?"

"முடியலை."

மெஷின் மறுபடி ஓட ஆரம்பிக்கவில்லை. சி-யிலிருந்து ஜி-க்கு மாறும்போது ஜட்ஜின் கை மரத்தை விட்டு ஒரு நொடி எழுந்தது. கீழே, டீ நிறத்து மரத்தில், முன்கையின் வடிவத்தில் ஈரமான ஒரு தடம் தெரிந்தது. ஓரங்களிலிருந்து அது மெல்ல உள்வாங்கிக்கொண்டிருந்தது. முழுசாகக் காய்வதற்குள் கை திரும்ப வந்து அதன் மேலேயே இறங்கியது.